வாளியில் விழுந்த பயறு

ஹாலரன் ஏரியைச் சுற்றியிருந்த வீடுகளின் சாவிகள் எல்லாம் ஆர்டிஸ் கோல்பினின் சமையலறையில் ஒரு பழைய காபி டப்பாவில் கிடந்தன. சிகாகோவிலும் மில்வாக்கியிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு ஏரிக்காரர்கள் மே மாதத் தொடக்கத்தில் வந்து இறங்கும்போது, வீட்டில் எலிப்புழுக்கை இருக்காது. படுக்கை விரிப்பில் வெயில் மணக்கும். ஃபிரிட்ஜில் பாலும் முட்டையும் தயாராக இருக்கும். "ஆர்டிஸ் ஒரு தேவதை" என்று சொல்லிவிட்டுப் பெட்டியைப் பிரிப்பார்கள். தேவதைக்கு மணிக்கணக்கில் கூலி.

இருபது வருஷத்தில் அவளுக்குத் தெரியாத ரகசியம் அந்தக் கரையில் இல்லை. எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி அறையில் படுக்கிறார்கள், எந்த வீட்டில் பிராந்திக் குப்பி மாவு டப்பாவுக்குப் பின்னால் நிற்கிறது, எல்லாம் அறிவாள். அவள் வாயிலிருந்து ஒன்றும் வெளியே வந்ததில்லை. அவள் புருஷன் மெர்ல் கிளறிப் பார்ப்பான். "போய்க் குப்பைக்கூடையைக் கேளு" என்று முடித்துவிடுவாள்.

மெர்லுக்கு அந்த ஏரியில் வேறொரு ஆசை. அது தனியார் ஏரி. வாசலில் கம்பிக் கதவு, கதவில் பலகை. சங்கத்தில் சேர்ந்த வீட்டுக்காரர்களைத் தவிர வேறு எவனும் தூண்டில் போடக்கூடாது, காலைக்கூட நனைக்கக்கூடாது. பெண்டாட்டியை டிரக்கில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கம்பிக் கதவுக்கு வெளியே அவன் சாயங்காலம் வரை கிடந்த நாட்கள் எத்தனையோ. பைன் மரங்களுக்கு நடுவே ஒரு கைக்குட்டை அளவுக்குத் தண்ணீர் தெரியும். மீன் துள்ளும் சத்தம் கேட்கும். விஸ்கான்சினில் பிறந்தவனுக்கு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

காகித ஆலை அவன் நெஞ்சைத் தின்றுவிட்டது. அறுபது வயதுக்குள் மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. படகில் ஏற முடியாது, ஆற்றங்கரைப் பாறையில் இறங்க முடியாது. வீடோ ஆலைக்கு நேர் பின்னால். காற்று திரும்பினால் அழுகிய முட்டை நாற்றம். "தண்ணி ஓரமா ஒரு நாற்காலியைப் போட்டு உக்கார வெச்சிரு, அது போதும் எனக்கு" என்பான். ஆர்டிஸுக்கு அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது.

அந்த நாற்காலிக்கு ஓர் இடம் கிடைக்கும்போல இருந்தது. ஏரியின் வடகோடியில், எல்லா வீட்டிலும் சின்ன வீடு, தோரா என்ற பழைய பள்ளிக்கூடத்து டீச்சருடையது. இரண்டு அறை, ஒரு அடுப்பு, தண்ணீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்துறை. டீச்சர் மார்ச் மாதத்தில் இறந்துபோனாள். கடைசி இரண்டு வருஷம் அவளைக் குளிப்பாட்டிச் சோறூட்டியது ஆர்டிஸ்தான். மினியாபொலிஸிலிருந்து வந்த மருமகன் சாவியை வாங்க நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டு சொன்னான்.

"உங்களுக்குக் குடுக்கச் சொல்லித்தான் அத்தை சொல்லிட்டுப் போயிருக்காங்க. நியாயமான விலை சொல்றேன். ஆலை வீட்டை வித்தீங்கன்னா அதுலயே முடிஞ்சிரும். ஆனா ஜூலைக்குள்ள முடிச்சாகணும். சங்கத்துக்காரங்க சரின்னு சொல்லணும், அதை நீங்க பாத்துக்குங்க."

சங்கம் சரி என்று சொல்ல ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வீடு வாங்குகிறவரைப் பழைய ஆட்கள் இரண்டு பேர் சிபாரிசு செய்து கைதூக்கி விடவேண்டும். பிறகு மே மாதக் கூட்டத்தில், தூண்டிலுக்கு இரையாகும் குட்டி மீன்களைப் போட்டுவைக்கிற, ஏரியைத் தோண்டிய காலத்து இரைமீன் வாளி ஒன்றின் மேல் துண்டைப் போர்த்தி, வீட்டுக்கு ஒருவராக வந்து கையை விட்டு ஒரு பயறு போடுவார்கள். வெள்ளைப் பயறு என்றால் வரட்டும், கறுப்பு என்றால் வேண்டாம். மூன்று கறுப்பு விழுந்தால் ஆள் அவுட். எத்தனை விழுந்தது என்று தலைவர் சொல்லமாட்டார். சேர்ந்தாச்சு, அல்லது சேரவில்லை, அவ்வளவுதான். யார் மனசும் புண்படக் கூடாதாம். கூட்டம் முடிந்தபிறகு அந்தப் பயறுகளைப் பிரித்து இரண்டு ஜாடியில் போட்டு வைக்கிற வேலை ஒன்று இருந்தது. அது லாட்ஜ் என்கிற சங்கக் கட்டிடத்தைக் கூட்டித் துடைக்கிற ஆர்டிஸின் வேலை. ஒரு பல் டாக்டருக்கு இரண்டு கறுப்பு விழுந்து மயிரிழையில் தப்பியதும் அவளுக்குத் தெரியும். அந்த டாக்டர் இன்னும் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு திரிகிறார்.

முதலில் அவள் போனது லோர்னா ஹாகனிடம். லோர்னாவுக்கு மார்பில் ஆபரேஷன் ஆனபோது தலையைத் தன் மடியில் வைத்து அலசிவிட்டவள் ஆர்டிஸ். விஷயத்தைக் கேட்டதும் லோர்னாவின் கண் கலங்கிவிட்டது.

"நான் கைதூக்காம வேற யாரு தூக்குவா? நீ எங்க வீட்டு மனுஷி மாதிரி."

"ரொம்ப நன்றி, மிசஸ் ஹாகன்."

"அட, என்ன மிசஸ் ஹாகன் மிசஸ் ஹாகன்னு! இனிமே லோர்னான்னு கூப்பிடு. பக்கத்து வீட்டுக்காரியாகப் போறே."

கூப்பிட வாய் வரவில்லை ஆர்டிஸுக்கு. சிரித்துவைத்தாள்.

இரண்டாவது ஆள் சங்கத் தலைவர் கார்ல்டன் பீக். அவரும் தோளைத் தட்டினார். "நீ வந்தா எங்களுக்குப் பெருமை, ஆர்டிஸ்." அந்த வாரம் கூட்டிய ஒவ்வொரு வீட்டிலும் அதே பாட்டுதான். அடடா, எவ்வளவு சந்தோஷம். நீ வரணும், கட்டாயம் வரணும். எங்கள் ஊர்ப்பக்கம் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. வேண்டாத விருந்தாளியிடம்கூட இன்னொரு துண்டு கேக் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்வோம். ஆர்டிஸும் இந்த மண்ணில் பிறந்தவள்தான், அவளும் அப்படி ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஆனாலும் ஆசை கண்ணை மறைக்கும் என்பது சும்மாவா?

ஒருத்தர் மட்டும் பாடவில்லை. ஓட்டோ ராடமேக்கர் என்ற கிழவர், தொத்திறைச்சிக் கம்பெனி நடத்தி ஓய்ந்தவர். யாருக்கும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிப் பழக்கமில்லை. அவள் அவர் வீட்டு அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தபோது பேப்பரைத் தாழ்த்தாமலே கேட்டார்.

"ஆலை வீட்டை வித்துட்டியா?"

"ஆள் வந்திருக்கு."

"விக்காதே. பயறு விழுந்தப்புறம் வித்துக்கோ."

"ஏன், எல்லாரும்தான் வரச் சொல்றாங்களே!"

"நான் சொல்லலையே. நான் கறுப்புதான் போடுவேன்."

கிழவனுக்கு எப்போதும் குதர்க்கம் என்று நினைத்துக்கொண்டு அவள் அடுப்பைத் தேய்த்தாள். ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டாள், அவ்வளவுதான். அந்த வெள்ளிக்கிழமையே ஆலை வீட்டை ஒரு இளம் தம்பதிக்கு எழுதிக்கொடுத்தாள்.

"சிரிச்சுப் பேசினா சரின்னு அர்த்தமா?" என்று மெர்லும் இழுத்துப் பார்த்தான்.

"உனக்கு ஆலைப் புகை மண்டைக்குள்ளயும் போயிருச்சு. போய்த் தூண்டிலைத் துடை."

அவன் துடைத்தான். மூச்சு வாங்க வாங்க, பெட்டியிலிருந்த ஒவ்வொரு தூண்டில் முள்ளையும் எடுத்து எண்ணெய் போட்டான். "சங்கத்துல சேந்தா இனிமே சட்டை போட்டுக்கிட்டுத்தான் மீன் பிடிக்கணுமா?" என்று கேட்டான். அவனும் உள்ளுக்குள் நம்ப ஆரம்பித்திருந்தான். ஆர்டிஸுக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது அதுதான்.

கூட்டம் சனிக்கிழமை காலை. விண்ணப்பித்தவர் கூட்டத்துக்கு வரக்கூடாது. ஆர்டிஸ் விடிகாலையில் எழுந்து ருபார்ப் தண்டு வைத்து 'பை' என்கிற இனிப்புப் பலகாரம் சுட்டு, சூடு ஆறுவதற்குள் லாட்ஜில் வைத்துவிட்டு வந்தாள். பிறகு இருவரும் கட்டிவைத்த அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஃபோனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மத்தியானம் அடித்தது.

"ஆர்டிஸ், பீக் பேசறேன். மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. இந்தத் தடவை கூடி வரலை."

அவள் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"என்னோடது வெள்ளைதான், அது உனக்கே தெரியும். மூணு நாலு பேர் எப்பவும் இப்படித்தான் கெடுத்துர்றாங்க. வழக்கம் வழக்கம்தானே, நான் என்ன பண்றது?" கொஞ்சம் நிறுத்தினார். "அப்புறம்... லாட்ஜை இன்னிக்கே கொஞ்சம் சுத்தம் பண்ணிடுறியா? சாயங்காலம் எல்லாருக்கும் டிரிங்க்ஸ் இருக்கு."

"சரிங்க" என்றாள். வாய்க்குப் பழகிய வார்த்தை, தானாக வந்துவிட்டது.

மெர்லுக்கு அவள் முகமே சொல்லிவிட்டது. டிரக் சாவியை எடுத்து நீட்டினான், அவ்வளவுதான்.

லாட்ஜில் யாரும் இல்லை. நாற்காலிகள் அங்கங்கே சரிந்து கிடந்தன. மேசை மேல் அவள் கொண்டுவந்து வைத்த பலகாரத் தட்டு ஒரு துணுக்கு மிச்சமில்லாமல் வழித்துத் தின்ற நிலையில் இருந்தது. அதன் பக்கத்தில், துண்டு போர்த்தியபடியே, இரைமீன் வாளி.

பீக்குக்கு மறதியா, திமிரா? இரண்டும் இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். விண்ணப்பம் போட்ட ஆர்டிஸ் ஒருத்தி, கூட்டித் துடைக்கிற ஆர்டிஸ் ஒருத்தி. இரண்டும் ஒரே பெண் என்பது அவர் புத்தியில் ஏறவே இல்லை. இருபது வருஷமாக வாளியை அவளிடம் விட்டுவிட்டுப் போனார்கள், அன்றைக்கும் விட்டுவிட்டுப் போனார்கள்.

அவள் துண்டை எடுத்துவிட்டு வாளியை மேசையில் கவிழ்த்தாள். மூன்று நாலு கறுப்பு இருக்கும், யார் யாராக இருக்கும் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ராடமேக்கர் ஒன்று. வங்கிக்காரர் வீட்டம்மா ஒன்று. எலும்பு டாக்டர்மேல்கூடச் சந்தேகம்.

மேசை மேல் கறுப்பாகக் கொட்டியது. விரலால் பரத்திப் பார்த்தாள். ஒன்றே ஒன்று வெள்ளை. மற்றதெல்லாம் கறுப்பு.

இன்னொரு தடவை எண்ணினாள். பிறகு கறுப்பையெல்லாம் அள்ளி அதன் ஜாடியில் போட்டாள். வெள்ளையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். தரையைத் துடைத்தாள், கண்ணாடிக் கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்தாள், பலகாரத் தட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அந்த ஒற்றைப் பயற்றை மெர்லின் உள்ளங்கையில் வைத்தாள்.

மெர்ல் அதை உருட்டி உருட்டிப் பார்த்தான். "ஒண்ணு விழுந்திருக்கே. எவனோ கை தவறிப் போட்டிருப்பான்."

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அவன் இருமி ஓயும்வரை அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தாள், அழுதது அவனுக்குத் தெரியாமல்.

அன்று சாயங்காலத்திலிருந்து ஃபோன் ஓயவில்லை. வாளியில் எத்தனை விழுந்தது என்று பீக்கைத் தவிர ஏரியில் யாருக்கும் தெரியாது அல்லவா? தன் ஒரு கறுப்பு மற்ற வெள்ளைகளுக்கு நடுவே மறைந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். "நான் வெள்ளைதான் போட்டேன், கண்ணு." "எங்க வீட்டுது வெள்ளை, சத்தியமா." "எவன் இந்தப் பாவத்தைப் பண்ணினானோ!" எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். கேட்காதவளிடம் இத்தனை பேர் வந்து சத்தியம் பண்ணினார்கள். ஆர்டிஸ் ஒவ்வொருவரிடமும் "தெரியும்ங்க" என்று சொல்லி வைத்தாள். பொய் சொல்லவில்லை, அவளுக்குத் தெரியும்தான்.

ஃபோன் பண்ணாதவர் ராடமேக்கர். அவர் நேரே வந்தார். தடியை ஊன்றிக்கொண்டு அட்டைப்பெட்டிகளைத் தாண்டி வந்து, கேட்காமலே உட்கார்ந்தார்.

"என்னோடது கறுப்பு. சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"விக்காதேன்னும் சொன்னேன்."

"சொன்னீங்க. ஏன் போட்டீங்கன்னு மட்டும் சொல்லலை."

கிழவர் மெர்லைப் பார்த்தார், மூக்குக் குழாயைப் பார்த்தார், பிறகு தன் செருப்பைப் பார்த்தார்.

"வேற எதுக்கு? நீ பக்கத்து வீட்டுக்காரி ஆயிட்டா, நான் யாரைப் போய் என் கக்கூஸைக் கழுவச் சொல்றது? பக்கத்து வீட்டுக்காரிகிட்டச் சொல்ல முடியுமா? முந்தின நாள் ராத்திரி எல்லாரும் லாட்ஜ்ல குடிச்சுக்கிட்டு இதைத்தான் சொல்லிச் சொல்லிப் புலம்பினாங்க. நல்ல ஆளு போயிடுவாளே, இவளை மாதிரி இன்னொருத்தி கிடைப்பாளான்னு."

"யாரு யாரு?"

"எல்லாரும்தான். லோர்னா உள்பட."

ஆர்டிஸ் எழுந்துபோய் அவருக்குக் காபி கலந்து கொண்டுவந்தாள். அந்த ஏரியில் அவளிடம் உண்மை பேசிய ஒரே ஆள், அதுவும் இப்படிப்பட்ட உண்மை. என்னவென்று சொல்ல? காபியைக் குடித்துவிட்டு, "வெந்நீர் மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கிழவர் போனார்.

லோர்னா மறுநாள் வந்தாள், கையில் மூடிபோட்ட தட்டில் டூனா கேசரோல். எங்கள் பக்கம் சாவு வீட்டுக்கு அதைத்தான் கொண்டுபோவோம். வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். நிஜமாகவே அழுதாள், அதில் சந்தேகமில்லை.

"நான் வெள்ளை போட்டேன், ஆர்டிஸ். அத்தனை வெள்ளைக்கு நடுவுல அந்த மூணு நாலு கறுப்பு..."

ஆர்டிஸ் தன்னை விடுவித்துக்கொண்டாள். மெர்லிடமிருந்து திரும்ப வாங்கி ஏப்ரன் பையில் வைத்திருந்த பயற்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"இது ஒண்ணுதான் வெள்ளை. மத்ததெல்லாம் கறுப்பு. நான்தானே பிரிச்சு ஜாடியில போடுற ஆளு? பீக் அவரோடதுங்கிறார். நீ உன்னோடதுங்கிறே. ரெண்டு பேரும் கைதூக்கி விட்டீங்க. யாரோடதுன்னு சொல்லு, எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

முதல் தடவையாக நீ என்று சொல்லிவிட்டிருந்தாள். இருவருமே அதைக் கவனித்தார்கள்.

லோர்னா பயற்றைப் பார்த்தாள். எடுக்கக் கை வரவில்லை. கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள், கைப்பையின் வாயை மூடித் திறந்து மூடினாள். அட்டைப்பெட்டிகளைப் பார்த்தாள். கடைசியில் மெதுவாகக் கேட்டாள்.

"வியாழக்கிழமை வீடு கூட்ட வருவேல்ல?"

மாதக் கடைசியில் ஆலை வீட்டைக் காலி செய்தார்கள். வாங்கிய தம்பதிக்கு வேறு போக்கிடம் இல்லை, அவர்களைக் குறை சொல்ல முடியாது. நெடுஞ்சாலை ஓரத்தில் தகரப்பெட்டி மாதிரி ஒரு டிரெய்லர் வீடு வாடகைக்குக் கிடைத்தது. மெர்லின் நாற்காலியை ஜன்னலோரம் போட்டாள். நாள் முழுக்க மரக்கட்டை ஏற்றிய லாரிகள் போய்க்கொண்டிருக்கும். "ஏரி நல்லாத்தான் இருக்கு, தண்ணிதான் இல்லை" என்றான். எண்ணெய் போட்ட தூண்டில் பெட்டி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. கையில் இருந்த காசு ஆக்சிஜனிலும் வாடகையிலும் கரைந்துகொண்டிருந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு எத்தனை நாள் சாப்பிட முடியும்?

தோராவின் வீட்டைச் சிகாகோவிலிருந்து வந்த ஒரு வக்கீல் வாங்கினார். அவருக்காக அவசரமாகக் கூட்டம் போட்டார்கள். அந்தத் தடவையும் வாளி ஆர்டிஸிடம்தான் வந்தது. ஒன்றே ஒன்று கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. அந்தக் கறுப்பு யாருடையது என்று கேட்காமலே அவளுக்குத் தெரிந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு குணம்.

அடுத்த வியாழக்கிழமை, அத்தனை நாள் கழித்து, அவள் லோர்னா வீட்டுக்குப் போனாள். லோர்னா முன்தாழ்வாரத்து நாற்காலியில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. ஆர்டிஸ் வாளியையும் துடைப்பத்தையும் கொண்டுவந்து வைத்தாள்.

"புதுசா வந்திருக்காரே அந்த வக்கீல், அவர் வீட்டுக்கும் நீ வருவியான்னு கேட்டார்" என்றாள் லோர்னா, பத்திரிகையைப் பார்த்தபடி. "அந்த வீடு உனக்கு நல்லாப் பழக்கம்னு சொன்னேன்."

"அந்த வீட்டுக்கு வேற ஆளைப் பாத்துக்கச் சொல்லு."

லோர்னா தலையை ஆட்டினாள். தாழ்வாரத்தைக் கூட்டிக்கொண்டே வந்த ஆர்டிஸ் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். இருபது வருஷமாக அந்த இடத்தில் வந்ததும் "கொஞ்சம் எழுந்திருங்க, மிசஸ் ஹாகன்" என்பாள், லோர்னா எழுந்து உள்ளே போவாள்.

"லோர்னா, காலைத் தூக்கு" என்றாள் ஆர்டிஸ்.

லோர்னாவின் முகம் சிவந்தது. பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னவளே அவள்தானே? இரண்டு காலையும் தூக்கிக்கொண்டாள். ஆர்டிஸ் அவசரப்படாமல், மூலை முடுக்கெல்லாம் விட்டுவிடாமல், அந்தக் கால்களுக்கு அடியில் கூட்டி முடித்தாள்.